நூத்தி அறுபத்தொம்போது

“தப்பா இருக்க முடியாது பெனிட்டா. நீ வேணா இன்னொரு தடவ வகுத்துப் பாரு. இது தப்பு சொல்லாது”ன்னு ஞானசௌந்தரி சொன்னா. சொல்லிட்டு மருமக மூஞ்சியப் பாக்காம லேப்டாப்பையே பாத்தா. மருமக விடல. சாப்பிட்ட தட்டக் கழுவுன ஈரக் கைய நைட்டியில தொடச்சுக்கிட்டே வந்து நாற்காலிக்குப் பின்னாடி நின்னா. “அத்தை, பதிமூணு பதிமூணு நூத்தி அறுபத்தொம்போது. அஞ்சாங்கிளாஸ் பிள்ள சொல்லும். நான் எங்க கார் நம்பரத்தான குடுத்தேன்? ஆறாயிரத்தி எழுநூத்தி அறுபது. உங்க புரோகிராம் ரெண்டு, ரெண்டு, ரெண்டு, அஞ்சுன்னு நல்லாத்தான் பிரிச்சுது. கடைசியில நூத்தி அறுபத்தொம்போதுல போய் நிக்குது. அதுக்கு மேல பிரிக்க முடியாதுங்குது.” “நிக்கட்டும்.” “நிக்கக் கூடாதுல்ல அத்தை?” “உனக்கு அவசரம். அது யோசிச்சுத்தான் சொல்லும்.” “சரி அத்தை. விடுங்க. கொஞ்ச நேரம் படுங்க. நாலு மணிக்குக் கிளம்பணும்ல”ன்னு பெனிட்டா சொன்னா பாருங்க, அந்தக் கொரல்தான் ஞானத்துக்கு ஆகல. சண்ட போட்டா போடட்டும். கத்துனா கத்தட்டும். ஆஸ்பத்திரியில கட்டில் பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கொரல எறக்கிப் பேசுனா அதுக்கு என்ன அர்த்தம்? உள்ளறையில மகன் செல்வின் போன்ல பேசிக்கிட்டிருந்தான். ஆமா சார், நாலரைக்கு, பேரு ஞானசௌந்தரி, வயசு அறுபத்தாறு, ஆமா, ஞாபக மறதிக்குத்தான்.

மறதியாம். யாருக்கு? பொங்கல் லீவுக்கு ஓசூர்லேருந்து வந்து மூணு நாள்தான் ஆச்சு. மூணு நாள்ல ரெண்டு பேரும் சேந்து அவ மண்டைக்குள்ள என்ன இருக்கு, என்ன இல்லன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. டாக்டர் மட்டும் ஆமான்னு தலையாட்டிட்டா இந்தத் திருச்சி வீட்டப் பூட்டிட்டு அவளக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. நேத்து ராத்திரிச் சாப்பாட்டுல செல்வின் அத நேராவே சொல்லிட்டான். தனியா விட்டுட்டு எங்களால நிம்மதியா இருக்க முடியாதும்மான்னான். யாரோட நிம்மதிக்கு யாரு வீட்டப் பூட்டுறது? ஓசூர்ல நாலாவது மாடி, லிஃப்ட் நின்னா ஆகாசத்துல தொங்குற வாழ்க்க, பூசைக்குப் போகணும்னா கார்ல போகணும், அதுவும் இவங்களுக்கு முழிப்பு வந்தப்பறம். இங்க பாலக்கரையில வாசல்லேருந்து எட்டிப் பாத்தா கோயில் மணி ஆடுறது தெரியும். மாட்டேன். என்னத்த மறந்துட்டேனாம்? குக்கர்ல தண்ணி ஊத்த மறந்தா. ஆமா, மறந்தா, அது மறதி இல்ல, அன்னிக்குப் புரோகிராம் பாதியில நின்னுச்சு, அடுப்பு ஞாபகமே இல்ல. சரி, அது மறதிதான், ஒண்ணு. அப்பறம் கேட்டதையே கேக்குறாளாம். கேஸ் மூடியாச்சான்னு ரெண்டு தடவ, வாசக் கேட்டு பூட்டியாச்சான்னு ரெண்டு தடவ. அட போங்கடா, ரெண்டாவது தடவ கேக்குறதுக்குத்தான்டா கவர்மென்ட்டு எனக்குப் பதினோரு வருஷம் சம்பளம் குடுத்துச்சு. பெரிய ஹால், ஏழு பொண்ணுங்க அட்டையில துளை போடுவாங்க, ஜனத்தொகைக் கணக்கு, நெல்லுக் கணக்கு, மாட்டுக் கணக்கு எல்லாம் அட்டையில. ஒருத்தி துளை போட்ட அட்டையும் அவ பாத்து அடிச்ச தாளும் ஞானத்துக்கிட்ட வரும். ஞானம் அதையே திரும்ப அடிப்பா, அதே எண்ணு, அதே வரிசை. ஒத்து வந்தா அட்டை போயிடும், ஒத்து வரலன்னா மெஷின் சட்டுனு நின்னு செவப்பு வெளக்கு எரியும். செண்பகம்னு ஒருத்தி, மூக்குத்தி போட்டுக்கிட்டு சினிமாப் பாட்டு முணுமுணுத்துக்கிட்டே அடிப்பா, அவ அட்டைக்கு நாளைக்கு இருவது தடவ செவப்பு எரியும். கொரடாச்சேரில மனுஷனவிட மாடு கூடன்னு போட்டவ அவதான். ஏன்டி ஞானம், ஒருத்தி கேட்டது போதாதா, நீ வேற கேக்கணுமாம்பா. போதாது. ரெண்டு தடவ கேட்டு ஒரே பதில் வந்தாத்தான் அது பதில். இத அந்த டாக்டர்கிட்ட சொல்லணும். சொன்னா அவர் எழுதிக்குவாரோ என்னவோ, பேஷண்ட் நெறையப் பேசுறாங்கன்னு.

அந்த டாக்டர் என்ன கேப்பார்னு மாடி வீட்டு லூர்து டீச்சர் சொல்லியிருக்கு. மூணு வார்த்த சொல்லி அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திருப்பிக் கேப்பாராம், அப்பறம் நூறுலேருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொல்வாராம். இதென்ன பிரமாதம். நூறு, தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு, எழுவத்தொம்போது, எழுவத்தொம்போது பகா எண், யாராலயும் வகுபடாது. எழுவத்திரெண்டு, அறுவத்தஞ்சு, அம்பத்தெட்டு. காலையில கூப்பிட்டதுதான் செல்வினுக்கு உறுத்திடுச்சு. அவளுக்குத் தெரியும், குக்கரும் இல்ல கேட்டும் இல்ல, காலையில கொரியர்காரன் வந்துட்டுப் போனப்பறம் அவ அடுப்படியப் பாத்து “ஏ சீலி, தண்ணி கொண்டா”ன்னு கூப்பிட்டா. வந்து நின்னது பெனிட்டா. செல்வின் பேப்பர மடக்கி வெச்சுட்டு அம்மா மூஞ்சியையே பாத்தான். சீலி அவளோட தங்கச்சி, ஜெயசீலி. முப்பத்தொரு வருஷமா இந்த வீட்டுல அந்தப் பேர யாரும் சொன்னதில்ல, சொல்ல விட்டதில்ல. அது எப்படி நாக்குல வந்துச்சு? வந்துச்சு. கொரியர்காரன் குடுத்துட்டுப் போன டப்பா வெளிய வராந்தாவுல பிளாஸ்டிக் சேர் மேல இருக்கு. இருக்கட்டும். அத இப்ப நெனைக்க வேண்டாம். அம்பத்தெட்டு, அம்பத்தொண்ணு.

இப்ப இந்த நூத்தி அறுபத்தொம்போதுதான். நாலு மணிக்குள்ள இது ஏன் இப்படிச் சொல்லுதுன்னு தெரிஞ்சாகணும். தெரியாமக் கார்ல ஏறுனா டாக்டர் கேக்குற முன்னாடியே அவளுக்கே சந்தேகம் வந்துடும். சந்தேகத்தோட போறவள எந்த டாக்டரும் சும்மா அனுப்ப மாட்டார். ரிட்டையராகி, வீட்டுக்காரரும் போய்ச் சேந்தப்பறம், டிவி பாத்து அழுகுறதுக்குப் பதிலா, அவ இன்டர்நெட்டுல ஓசியில கத்துக்கிட்டது இந்தப் புரோகிராம் எழுதுறது. அவ கத்துக்கிட்ட கம்ப்யூட்டர் பாஷையில எல்லாமே ஃபங்ஷன்தான். ஒண்ணக் குடுத்தா ஒண்ணத் தரும். இன்னிக்குக் குடுத்தாலும் நாளைக்குக் குடுத்தாலும் அதே பதில்தான், மனசு மாறாது, மூட் மாறாது. ஒரு தடவ ஒண்ணுக்குப் பேரு வெச்சா வெச்சதுதான், மாத்த முடியாது, ஞானஸ்நானம் மாதிரி. அது அவளுக்கு ரொம்பப் புடிச்சுது. மனுஷங்கள்ல அப்படி யாரு இருக்கா? எண்ணக் குடுத்தாப் பிரிச்சுத் தர்ற ஃபங்ஷன் ஒண்ணு எழுதுனா, பத்து வரிதான். ரெண்டுலேருந்து ஆரம்பி, வகுபட்டா அத எடுத்து வெச்சுட்டு மிச்சத்தத் திரும்ப உங்கிட்டயே குடுத்துக்கோ, வகுபடலன்னா அடுத்த எண்ண எடு. பெரிய எண்ணாக் குடுத்தா நேரமாச்சு, ஃபேன் மாதிரி லேப்டாப்பு எரைஞ்சுது. அப்பத்தான் நோட்டு வெச்சா. ஒரு தடவ கண்டுபிடிச்ச பதில நோட்டுல எழுதிக்கோ, திரும்ப அதே எண்ணு வந்தா வகுக்காத, நோட்டப் பாத்துச் சொல்லுன்னு. ஆனா அந்த பாஷையில ஃபங்ஷன் தன் கையில எதையும் வெச்சுக்காது, சந்நியாசி மாதிரி. அதனால கேள்வி கேக்குறப்பவே நோட்டையும் கூடவே கையில குடுக்கணும், பதில் வாங்குறப்ப நோட்டையும் திருப்பி வாங்கணும், அதுல ஒரு வரி கூடுதலா இருக்கும். படிக்கிறப்ப இது புரியாம எல்லாரும் முழிச்சாங்களாம், ஞானத்துக்கு ஒடனே புரிஞ்சுடுச்சு. பக்கத்து வீட்டுலேருந்து கொழம்பு வந்த பாத்திரத்த வெறுமனே திருப்பிக் குடுப்பமா? ஒரு பிடி சக்கரையாவது போட்டுத்தான குடுப்போம்? அதுதான் இது. ஏத்தி வெச்சுத் திருப்பணும். ராத்திரி மூடுறப்ப நோட்டு ஃபைலாப் போய் உக்காந்துக்கும், காலையில தொறந்தா அப்படியே வரும். மூணு வருஷமா, பதினோராயிரம் வரி. பாத்திரத்த வெறுமனே திருப்பக் கூடாது. திருப்பவே இல்லன்னா? பரண் மேல முப்பது டப்பா இருக்கு. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னாடி திண்டுக்கல்லேருந்து அதிரசமும் முறுக்கும் வரும், அவ தொறக்காம வேலைக்காரிகிட்ட குடுப்பா. வேலைக்காரி கொட்டிக்கிட்டுக் காலி டப்பாவக் கொண்டாந்து வெச்சுட்டுப் போவா. முப்பது வருஷம், முப்பது டப்பா, ஒண்ணுகூடத் திரும்பிப் போகல. அதவிடக் கன்னத்துல அறைஞ்சிருக்கலாம். அறையணும்னுதான் செஞ்சா. இந்தத் தடவ டிசம்பர்ல வரல. கிறிஸ்துமஸ் போச்சு, புது வருஷம் போச்சு, வராதது நல்லதுன்னு நெனைச்சா, நெனைச்சுட்டு தெனம் வாசக் கேட்டப் பாத்தா. பொங்கலன்னிக்கும் வரல, இன்னிக்குக் காலையில வந்துச்சு. அட்ரஸ் எழுதுன கையெழுத்து சீலியோடது இல்ல.

அதுதான். அதத்தான் நெனைக்க வேண்டாம்னு சொன்னேன்ல. அம்பத்தொண்ணு. அம்பத்தொண்ணுக்கு அப்பறம் என்ன? அம்பத்தொண்ணு பாத்தா யாராலயும் வகுபடாதது மாதிரி இருக்கும், மூஞ்சி அப்படி, ஆனா மூணு பதினேழு. நாப்பத்தி... நாப்பத்தி... ஐயோ சேசுவே. நெசமாவே போயிட்டிருக்கா? அம்மாவுக்குக் கடைசியில இப்படித்தான் ஆச்சு, பாதி ஜெபத்துல நின்னுட்டு அடுத்த வார்த்தையத் தேடுவா, அடுத்த வார்த்த கூரையில இருக்குற மாதிரி மேலயே பாப்பா. நாப்பத்தி நாலு! நாப்பத்தி நாலு, முப்பத்தேழு, முப்பது, இருபத்தி மூணு, பதினாறு, ஒம்போது, ரெண்டு. ஆச்சா? ஆச்சு. டாக்டர் இருக்கட்டும், முதல்ல இது. ஃபங்ஷன வரி வரியாப் படிச்சா. வெரல ஸ்கிரீன் மேல வெச்சுப் படிச்சா, கண்ணாடியில கைரேக அப்பிச்சு. தப்பே இல்ல. முதல் வாரத்துல ஒரு தப்பு இருந்துச்சு, அத அவளே கண்டுபிடிச்சுத் திருத்திட்டா. எதுவரைக்கும் வகுத்துப் பாக்கணும்னு ஒரு கணக்கு இருக்குல்ல, வகுக்குற எண்ணத் தன்னாலயே பெருக்குனா கேட்ட எண்ணத் தாண்டிப் போறப்ப நிறுத்தணும். அவ தாண்டுனா நிறுத்துன்னு எழுதுறதுக்குப் பதிலா தொட்டாலே நிறுத்துன்னு எழுதிட்டா. ஏழேழு நாப்பத்தொம்போது, ஏழு போய்த் தொட்டதும் நின்னுடும், அந்த ஏழாலயே வகுத்துப் பாக்காது. இன்னும் ஒரே ஒரு அடி. ஒரு அடிக்கு முன்னாடி திரும்பி வந்து, தேடிட்டேன், யாரும் இல்லன்னு சொல்லிடும். ஆறாவது நாள் நாப்பத்தொம்போது குடுத்தப்பத்தான் கண்டுபிடிச்சா, ஒடனே மாத்துனா, நோட்டுல தப்பா ஏறியிருந்த நாலு, ஒம்போது, இருபத்தஞ்சு எல்லாத்தையும் கண்ணுல பட்ட வரைக்கும் கையாலயே திருத்துனா. அதுக்கப்பறம் மூணு வருஷம், ஒரு தப்புக் கிடையாது. இப்ப பெனிட்டா குடுத்த கார் நம்பர் புது நம்பர். நோட்டுலயே இல்லாத நம்பர். புதுசா வகுத்துச் சொன்ன பதில் தப்புன்னா ஃபங்ஷன்ல இருக்கணும், ஃபங்ஷன்ல இல்ல, அப்ப எங்க இருக்கு, எனக்குள்ளயா? லாசர் மாமான்னு ஒருத்தர் இருந்தார், அம்மாவோட அண்ணன். கல்யாணமான புதுசுல காந்தி மார்க்கெட்டுல வஞ்சிர மீன் வெல கேட்டவர், ஆயுசுக்கும் அதே வெலதான். முப்பது வருஷம் கழிச்சும் அந்த வெலையச் சொல்லித்தான் மீன்காரிகிட்ட நிப்பார். அவ, “தாத்தா, அந்த மீனு செத்துப் போயி அதோட பேரப் பிள்ளையும் செத்துப் போச்சு”ம்பா. மாமா அசர மாட்டார். கேட்டாச்சு, பதில் வந்தாச்சு, திரும்ப எதுக்குக் கேக்கணும்? புது மீனுக்கும் பழைய வெல. புது மீனுக்கும்...

ஞானம் நாற்காலியில நிமிந்து உக்காந்தா. புதுக் கேள்விதான். ஆனா புதுக் கேள்வியும் போற வழியில பழைய எடத்துல மிதிக்குதே. ஆறாயிரத்தி எழுநூத்தி அறுபதுல ஒரு ரெண்ட எடுத்தா மூவாயிரத்தி முன்னூத்தி எம்பது, இன்னொரு ரெண்டு, இன்னொண்ணு, எண்ணூத்தி நாப்பத்தஞ்சு, அதுல அஞ்ச எடுத்தா மிச்சம் நூத்தி அறுபத்தொம்போது. அதுவரைக்கும் ஒழுங்கா நடந்து வந்த ஃபங்ஷன் அங்க வந்ததும் வகுக்கல, நோட்டப் பாத்துச்சு. நோட்டுல என்ன இருந்துச்சோ அதச் சொல்லிடுச்சு. அதுமேல தப்பில்ல, அதுக்கு அவ குடுத்த உத்தரவு அது. நோட்டு ஃபைலத் தொறந்தா. மேலேருந்து ஒண்ணாவது வரி. மூணு வருஷத்துக்கு முன்னாடி, இந்தப் புரோகிராம் நோட்டோட முதமுதல்ல ஓடுன அன்னிக்கு, உலகத்துல எத்தன எண்ணு இருந்தும் அவ கை முதமுதல்ல அடிச்ச எண்ணு. நூத்தி அறுபத்தொம்போது: பகா எண். நாலத் திருத்துன கண்ணு, ஒம்போதத் திருத்துன கண்ணு, தலை வரியா நிக்குற இதப் பாக்காமப் போச்சு. பாக்காமப் போச்சா? அன்னிக்கு அந்தப் பதிலப் பாத்து அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஏன்னா அது திண்டுக்கல்ல சீலி வீட்டுக் கதவு நம்பர். யாராலயும் வகுபடாது, யாரோடயும் சேராது, கல்லு. மெஷினே சொல்லிடுச்சுன்னு நெனைச்சு அன்னிக்கு ஒரு காபி கூடக் குடிச்சா. பிடிச்ச பதில யாரு ரெண்டாவது தடவ அடிச்சுப் பாக்குறா? பதினோரு வருஷம் செண்பகம் அட்டைய அடிச்சுப் பாத்தவ இத அடிச்சுப் பாக்கல. வாயால பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லத் தெரிஞ்சவதான். மருமக சொல்றப்பக்கூடக் காதுல ஏறல. அந்த ஒரு வரி கீழ எங்கெங்க போயிருக்குன்னு தேடுனா. முன்னூத்தி முப்பத்தெட்டு, ஐநூத்தி ஏழு, ஆயிரத்தி அறுநூத்தித் தொண்ணூறு, பட்டை பட்டையா வந்துச்சு. இன்னிக்கு மத்தியானம் கார் நம்பரால ஏறுன வரிங்க வரைக்கும், ஒவ்வொண்ணுக்குள்ளயும் அந்தக் கதவு பூட்டியே நின்னுச்சு.

அந்தத் தெரு இன்னும் கண்ணு முன்னாடி இருக்கு, அதயெல்லாம் எந்த டாக்டரும் மறதின்னு சொல்ல முடியாது. சுண்ணாம்பு அடிச்ச செவுரு, சாக்கடை ஓரமா ஒரு முருங்க மரம், சித்திர மாசத்து மத்தியானம், வெயில் காதுக்குள்ள ரீங்காரம் போடுது. அம்மா ஒம்போது மாசம் படுக்கையில கெடந்தா, ஞானம்தான் அள்ளிப் போட்டா, கடைசி மாசம் சீலி எட்டியே பாக்கல. அடக்கத்தன்னிக்கு வந்தா. செவுத்தப் புடிச்சுக்கிட்டே நின்னா, அழக்கூட இல்ல, சாயங்காலமே புருஷனோட கார்ல ஏறிட்டா. பத்தாம் நாள் ஞானம் பஸ் ஏறிப் போனா, ஏன்டி வரலன்னு மூஞ்சிக்கு நேரா கேக்குறதுக்கு. தெருமுனையில திரும்புனா, அங்கேருந்தே நூத்தி அறுபத்தொம்போது தெரியுது, கதவு தொறந்து கெடக்கு, வாசப்படியில சீலி உக்காந்திருக்கா, பக்கத்துல ஒரு பொம்பள, ரேடியோ பாடுது, சிரிப்புச் சத்தம். அம்மா செத்துப் பத்து நாளாகல, சிரிப்பு. பன்னெண்டு அடி இருக்கும். திரும்பிட்டா. அடுத்த பஸ்ஸுல திருச்சி. தேடிட்டேன், யாரும் இல்ல. இதத்தான் அவ முப்பத்தொரு வருஷமா நோட்டப் பாத்துச் சொல்லிக்கிட்டிருக்கா, திரும்ப வகுத்ததில்ல. சரி, வகுப்போம். என்ன பயம்? சிரிச்சது யாரு? வாயத் தொறந்து சிரிச்சது அந்தப் பக்கத்து வீட்டுக்காரி, அவ பல்லு தெரியுது. சீலி தூண்ல தலையச் சாச்சு உக்காந்திருக்கா. தலையில துணி. காதோட சேத்து இறுக்கிக் கட்டுன துணி, காதுக்குள்ள பஞ்சு. சித்திர வெயில்ல, மனுஷன் ஜாக்கெட்டக் கழட்டி எறியலாமான்னு இருக்குற வெயில்ல, எவடி தலையில துணி கட்டிக்கிட்டு உக்காருவா? பிள்ள பெத்தவ உக்காருவா. சீலி வீட்டுல அன்னிக்கும் தொட்டில் இல்ல, இன்னிக்கும் இல்ல. அப்ப பிள்ள கலைஞ்சவ உக்காருவா. ஈரக் காத்து பட்டுடக் கூடாதுன்னு யாரோ ஒருத்தி, அம்மா கட்ட வேண்டிய துணிய, அக்கா கட்ட வேண்டிய துணிய, யாரோ அந்தப் பல்லுக்காரி கட்டி விட்டு, அவள எப்படியாவது சிரிக்க வைக்கணும்னு தானே சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. செவுத்தப் புடிச்சுக்கிட்டு நின்னாளே, ஏன் புடிச்சா? சாவு வீட்டுல வந்து எம்பிள்ள போச்சுன்னு சொல்வாளா? துணியும் பஞ்சும் அன்னிக்கே கண்ணுல பட்டிருக்கு, முப்பத்தொரு வருஷமா உள்ளயே இருக்கு, ஒரு நூல் மறக்கல. இவங்க மறதிக்கு டாக்டர் பாக்குறாங்க. இதுக்கு எந்த டாக்டர்?

அழமாட்டா. அழுதா அதையும் லிஸ்டுல சேத்துருவாங்க. முழுசாத் தெரியுமா? தெரியாது. ஊகம்தான், ஆனா பழைய பதில் தப்புன்னு மட்டும் தெரியும், அது போதும் அழிக்கிறதுக்கு. ஒரு வரியக் கையால திருத்துற வேலை இனிமே கிடையாது, அப்படித் திருத்தித்தான் தலை வரி தப்பிச்சுது. நோட்டு மொத்தத்தையும் தேர்ந்தெடுத்தா. பதினோராயிரம் வரி, மூணு வருஷ மத்தியானம். நெசமாவே அழிக்கவான்னு மெஷின் கேட்டுச்சு. ரெண்டாவது தடவ கேக்குது பாரு, இதுக்கு மறதின்னு சொல்லுவியாடா செல்வின்? அழி. வெறும் நோட்டக் கையில குடுத்து ஆறாயிரத்தி எழுநூத்தி அறுபதுன்னு அடிச்சா. ரெண்டு, ரெண்டு, ரெண்டு, அஞ்சு, பதிமூணு, பதிமூணு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு இன்னொரு தடவ அடிச்சா. பதிமூணு, பதிமூணு. ஒரே மாதிரி ரெண்டு, பக்கத்துல பக்கத்துல.

“அம்மா, கிளம்பலாமா? மணி நாலாச்சு”ன்னு செல்வின் சாவியோட வந்து நின்னான். “கிளம்பலாம். முதல்ல இதப் பாரு. உம் பொண்டாட்டி சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. ஆனா கணக்கு தப்பில்ல. பழைய பதில் ஒண்ணு அழியாம உள்ள கெடந்துச்சு. மறந்ததால வந்த தப்பு இல்லடா இது, மறக்காததால வந்த தப்பு. புரியுதா?” “புரியுதும்மா, டாக்டர்கிட்ட சொல்லு.” “உனக்குப் புரியல, பரவால்ல. டாக்டர்கிட்டயும் சொல்றேன். அவர் ஏழு ஏழாக் கழிக்கச் சொன்னா கழிக்கிறேன், மூணு வார்த்தையும் சொல்றேன். அப்பறம் நான் ஒரு நம்பர் குடுப்பேன், அவர் பிரிக்கட்டும். என்ன வேணா எழுதட்டும், இந்த வீட்டுச் சாவி எங்கிட்டதான் இருக்கும். ஓசூருக்கு நான் வரமாட்டேன். ஞாயித்துக்கெழம வேணா திண்டுக்கல்லுக்கு வண்டி எடு.” “திண்டுக்கல்லுல யாரும்மா?” “எந்தங்கச்சிடா. காலையில நான் சீலின்னு கூப்பிட்டது உம் பொண்டாட்டியன்னு நெனைச்சியா? சரியான ஆளத்தான் கூப்பிட்டேன், அவ வர லேட்டாச்சு. மன்னிப்புக் கின்னிப்பெல்லாம் நான் கேக்கப் போறதில்ல, அவளும் தர வேண்டாம். கேக்காம விட்டத ஒரு தடவ கேக்கணும், அவ்வளவுதான். கேக்குறதுக்கு அவ...” அந்த வேற கையெழுத்து யாரோடது, அவளுக்கு எழுத முடியலயா, எழுதச் சொல்லிட்டுப் படுத்திருக்காளா, இல்ல, இல்ல, டப்பா அனுப்பியிருக்கா, டப்பா அனுப்பச் சொல்ற அளவுக்காவது இருக்கா. நூறு, தொண்ணூத்தி மூணு. எழுந்து நின்னா, மொழங்கால் ரெண்டும் சொடக்குப் போட்டுச்சு. “பரண்ல ஏறி நல்ல டப்பாவா ஒண்ணு எறக்கி வை. வெறுமனே எடுத்துட்டுப் போக முடியாது, போறப்ப ஏதாவது போட்டுத்தான் குடுக்கணும்.” அப்பறம் வராந்தாப் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேக்குற மாதிரி, அடக்கம் ஒடுக்கம் ஒண்ணும் இல்லாம, கத்துனா. “ஏ பெனிட்டா! அங்கதான நிக்குற? அந்தச் சேர் மேல சீலி சித்தி டப்பா இருக்கு பாரு. வெயில்ல கெடக்குது. அத உள்ள எடுத்துட்டு வாம்மா!”